சாயங்காலம் விடிகிற தோட்டம்

காலை ஏழு மணிக்கு வாசலில் "கீரேய்..." என்று ஒரு குரல் கேட்கிறதே, அந்தக் கூடையில் கிடக்கிற சிறுகீரைக் கட்டு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருந்தது தெரியுமா? மண்ணில்! வேரோடு, வெயில் குடித்துக்கொண்டு, நாளைக்கு மத்தால் கடையப் போகிறார்களே என்ற கவலை துளியும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பதினான்கே மணி நேரம். அதற்குள் பிடுங்கி, வேர் அலசி, கட்டாகக் கட்டி, வண்டி ஏற்றி, இறக்கி, சத்தம் போட்டு விற்று, இன்னொருவர் வாங்கி, உங்கள் தெரு வரைக்கும் கொண்டுவந்தாயிற்று. நானும் எத்தனையோ ஆன்லைன் ஆர்டர் போட்டிருக்கிறேன். இந்த வேகத்தில் எதுவும் வந்ததில்லை.

இந்தப் பதினான்கு மணி நேரத்தில் திரைக்குப் பின்னால் என்ன கூத்து நடக்கிறது என்று பார்த்தே தீருவது என்று கிளம்பினேன். வாய்த்தது, பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகிற சாலையில் திருமழிசையைத் தாண்டி உள்ளே போனால் வருகிற ஒன்றரை ஏக்கர் கீரைத் தோட்டம். பாதி சொந்தம், பாதி குத்தகை. புருஷன், பெண்டாட்டி, புருஷனின் அம்மா, ஒரு நாய். அந்த வீட்டு அக்கா போனிலேயே நிபந்தனை போட்டுவிட்டார்: "வா, பாரு, போட்டோ புடி, இன்னா வேணா கேளு. பாத்தில மட்டும் காலு வெக்காத."

ஒன்பது மணிக்குப் போய் நின்றால் முதல் அதிர்ச்சி. அண்ணனும் அக்காவும் தூங்குகிறார்கள்!

சேவல் கூவும்போது ஏர் பூட்டிக்கொண்டு புறப்படுகிற விவசாயியை நமக்குக் காட்டியது சினிமா. கீரைக்காரர்களுக்குப் பொழுது சாயங்காலம்தான் விடிகிறது. ராத்திரி முழுக்க வேலை, விடியற்காலையில் வியாபாரம், வீடு திரும்பி நாலு இட்லி, எட்டு மணிக்குக் கட்டில். "இப்ப எழுப்புனா கடிச்சிருவான் எம்புள்ள" என்று சிரித்தார் ஆயா. தலையில் துண்டு, கையில் களைக்கொட்டு. அடுத்த நாலு மணி நேரத்துக்கு எனக்குக் கைடு அவர்தான். என்ன ஒரு கைடு!

ஆயா வரப்பில் முன்னால் நடக்க, நான் பின்னால் நூல் பிடித்த மாதிரி ஓட்டம். "தோ, இது முந்தாநாளு வெதச்சது. அது ஒரு வாரம். அது பத்து நாளு. அந்தாண்ட தளதளன்னு நிக்குது பாரு, அது இன்னிக்கு ராவுக்குப் போயிரும்." ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே சிறுகீரை. ஆனால் எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் நிற்கிறார்கள். முதல் வரிசையில் இன்னும் முளைக்கவே இல்லை, ஈர மண் மட்டும் தெரிகிறது. கடைசி வரிசையில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரை வளர்த்தி.

இதுதான் கீரைத் தோட்டத்தின் மொத்த ரகசியம். நெல் மாதிரி ஒரே நாளில் நட்டு, ஒரே நாளில் அறுத்து, நிம்மதியாக உட்கார முடியாது. சிறுகீரையும் முளைக்கீரையும் ஏறக்குறைய இருபத்தைந்து நாள் பயிர். முப்பதைத் தாண்டினால் தண்டு முற்றி, பூ எட்டிப் பார்த்துவிடும். அப்புறம் மாடுகூட யோசித்துத்தான் தின்னும். தினமும் விற்க வேண்டுமானால் தினமும் ஒரு பாத்தி காலியாக வேண்டும், தினமும் ஒரு பாத்தி விதைக்கப்பட வேண்டும். "ரெண்டு நாளு தங்கச்சி ஊட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வெதைக்காம உட்டோம். இருவத்தஞ்சு நாளு கழிச்சி ரெண்டு நாளு வண்டி காலி" என்று ஆயா கணக்கு சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்று சோம்பல்பட்டதற்குத் தண்டனை அடுத்த மாதம் வருகிறது!

இந்தக் கணக்கு புரிந்தவுடன் இன்னொரு மர்மமும் விடுபட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி எல்லாம் தண்ணீரில் நின்றது ஞாபகம் இருக்கும். பொதுவாகப் புயல் போன பிறகும் கீரை விலை இறங்குவதே இல்லை. வியாபாரிகள் கொள்ளையடிக்கிறார்கள் என்று நாம் சபிப்போம். விஷயம் வேறே. இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் எல்.கே.ஜி.யும் போச்சு, பிளஸ் டூவும் போச்சு. தண்ணீர் வடிந்து, மண் கால் வைக்கிற பதத்துக்கு வந்து, திரும்ப விதைத்து, முதல் கட்டு கைக்கு வர ஒரு மாதம் ஆகிவிடும். அந்த ஒரு மாதம் விற்பதற்கு இவர்களிடம் எதுவுமே கிடையாது. மேட்டு நிலத்தில் தப்பித்த நாலு தோட்டத்துக்காரர்கள் வைத்ததுதான் விலை.

விதை விஷயத்துக்கு வருவோம். ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டினார். கருகருவென்று மின்னுகிற பொடி. மூச்சு விட்டால் பறந்துவிடும் போலிருக்கிறதே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு கிராமில் ஆயிரம் விதைக்கு மேல் இருக்கும். ஹெக்டேருக்கு இரண்டரை கிலோ போதும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதாவது ஒரு ஏக்கருக்கு ஒரே கிலோ, ஒரு சர்க்கரைப் பொட்டலம். இதை அப்படியே வீசினால் ஒரு பக்கம் குவியும், ஒரு பக்கம் வழுக்கை. அதனால் சலித்த மணலோடு கலந்து, நெற்றியில் திருநீறு பூசுகிற லாகவத்தில் விரல் இடுக்குகளால் தூவுகிறார் ஆயா. பிறகு தென்னந்துடைப்பத்தால் மண்ணை லேசாக ஒரு வருடல். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது.

அடுத்து வருகிறது பாருங்கள், எனக்கு மிகப் பிடித்த காட்சி. எறும்பு! விதைத்த பாத்தியைக் கண்டால் எறும்புக்கூட்டம் வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். ஆயா என்ன செய்கிறார்? பாத்தி ஓரம் முழுக்க ஒரு கை அரிசி நொய்யைத் தூவுகிறார். எறும்புகள் பெரிசாகத் தெரிகிற நொய்யைத் தூக்கிக்கொண்டு பெருமையாகப் போகின்றன. அவை நொய்யைத் தூக்கித் தீர்ப்பதற்குள் கீரை முளைத்துவிடும். மூன்று நாள், நாலு நாள் போதும். "அதுக்கும் வயிறு இருக்குல்ல. துன்னுட்டுப் போவட்டும். வெதைய உட்டா சரி." லஞ்சம் கொடுத்து வேலை நடத்துவதில் இவ்வளவு தர்மமான முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நான் புங்க மரத்தடிக்கு ஓடினேன். கீரையோ கம்பீரமாக நிற்கிறது! இதற்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் அமராந்தஸ் என்ற ஒரே இனத்துப் பங்காளிகள். கரும்பும் சோளமும் வெயிலைச் சாப்பிடுகிற சி-4 என்கிற ஒளிச்சேர்க்கை முறை இந்த இனத்துக்கும் வாய்த்திருக்கிறது. சூடும் வெளிச்சமும் ஏற ஏற, மற்ற செடிகள் சோர்ந்துபோகிற நேரத்தில் இவை வேலையைக் கூட்டிக்கொள்ளும். சென்னை மே மாதத்தை உண்மையிலேயே ரசிக்கிற ஒரே சென்னைவாசி சிறுகீரைதான் என்று நினைக்கிறேன். பக்கத்துப் பாத்தியில் இருந்த பாலக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தலை தொங்கிப்போய், ஊட்டிக்கு டிக்கெட் கேட்டது.

இந்த இனத்தில் சேராத விருந்தாளிகளும் தோட்டத்தில் உண்டு. மணத்தக்காளி கத்திரிக்காய்க்குச் சொந்தம். புளிச்சக்கீரை செம்பருத்திக்குச் சொந்தம். ஆந்திர எல்லை மாவட்டம் அல்லவா, திருவள்ளூர் பக்கம் கோங்குரா கேட்டு வாங்குகிறவர்கள் நிறைய. பொன்னாங்கண்ணிக்கு விதையே போடுவதில்லை, தண்டைக் கிள்ளி நட்டால் போதும். வேலி ஓரம் அகத்தி.

தண்ணீருக்கு போர்வெல். மூலையில் தகரக் கொட்டகை, உள்ளே ஸ்டார்ட்டர், பக்கத்தில் சாமி படம். விவசாய மோட்டாருக்குத் தமிழ்நாட்டில் கரண்ட் பில் கிடையாது என்பது ஊரறிந்த சமாச்சாரம். த்ரீ பேஸ் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போடுவதுதான் சாமர்த்தியம். சின்னப் பாத்திகளுக்கு 'ரெயின் ஹோஸ்' என்று ஒரு கறுப்புக் குழாய். பொடிப்பொடித் துளைகள் வழியாக இரண்டு பக்கமும் தூறல் போடுகிறது. வளர்ந்த பாத்திகளுக்கு ஆயா பழைய முறையில் மடை திருப்புகிறார். ஒரு மண்வெட்டி மண்ணை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் தண்ணீர் சொன்னபடி திரும்புகிறது. நான் கைதட்டினேன். ஆயா என்னை விநோதமாகப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். அம்பத்தூர் மாமிகள் முதல் அண்ணா நகர் அங்கிள்கள் வரை எல்லோர் மனசிலும் இருக்கிற கேள்வி: "கூவத் தண்ணியில வளர்ந்த கீரையா இது?" கேட்டேன். களைக்கொட்டு என் பக்கம் திரும்பியது. "கூவம் ஆறு எங்க பொறக்குதுன்னு தெரியுமா உனுக்கு? இந்தாண்டதான். இங்க அது வெறும் மணலு. மழைக்கு மட்டும் தண்ணி ஓடும். நாத்தம் புடிச்சதா ஆக்குனது நீங்கதான், நாங்க இல்ல." சரிதான். கூவம் என்ற ஊரே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆறு நகரத்தை நெருங்க நெருங்கத்தான் சாக்கடையாகிறது. எல்லாத் தோட்டத்துத் தண்ணீருக்கும் நான் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. ஆயா வீட்டு போர் தண்ணீரை ஒரு செம்பு குடித்தேன், கொஞ்சம் உப்பு கரித்தது, அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. 2019 வறட்சியில் சென்னையின் ஏரிகள் காய்ந்தபோது குடிநீர் வாரியம் இந்த மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியது. கீரை போடுவதைவிட மோட்டாரைப் போட்டுவிட்டுக் கட்டிலில் படுப்பது லாபம் என்றிருந்த காலம் அது. அதிலும் சிலர் கீரையே போட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஆயாவிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. "சும்மா குந்திக்கினு இருக்க முடியுமா?"

ஒரு மணிக்கு அக்கா எழுந்து வந்து சமைத்தார். கீரைத் தோட்டத்தில் மதியச் சாப்பாடு என்னவாக இருக்கும்? நான் ஆசையோடு எதிர்பார்த்தது அரைக்கீரை மசியல், நெய். தட்டில் விழுந்தது கருவாட்டுக் குழம்பும் கத்திரிக்காயும்! "தெனம் அதையே பாத்துக்கினு கெடக்குறோம், துன்னவும் அதையேவா?" என்றார் அக்கா. வாரத்துக்கு இரண்டு நாள் கீரை உண்டு, அதுவும் ஆயாவுக்காக. ராத்திரியில் கீரை சாப்பிடக் கூடாது என்ற விதியை இந்த வீடும் கடைப்பிடிக்கிறது. ராத்திரியெல்லாம் கீரை மேலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒரு கூடுதல் நிம்மதி.

சாப்பிட்ட கையோடு அக்கா காலண்டரைக் காட்டினார். தினசரி கிழிக்கிற காலண்டர். சில தேதிகளில் பேனாவால் வட்டம். பிறந்த நாள் என்று நினைத்தேன். இல்லை, அமாவாசையும் துவாதசியும்! அமாவாசையன்று பசுமாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்க ஊரே அலையும். ஏகாதசி விரதம் இருந்தவர்கள் மறுநாள் துவாதசியில் விரதம் முடிப்பது அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காயோடு. பக்கத்திலேயே ஆழ்வார் அவதரித்த திருமழிசை, ஜெகந்நாதப் பெருமாள் கோயில். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் அகத்தி கேட்டு எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற நாளில் வேலி ஓரம் சீந்துவாரற்று நிற்கிற மரம், அந்த ஒரு நாளில் மகாராணி. ஆடி மாதம் வந்தால் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் வேப்பிலைக்கு மவுசு. வேலி ஓர வேப்பமரமும் சம்பாதிக்கிறது. சந்தை ஆய்வு அறிக்கை வாங்கிப் படிக்கிற கம்பெனிகள் ஒரு பாம்புப் பஞ்சாங்கம் வாங்கலாம்.

இரண்டரை மணிக்கு அண்ணன் எழுந்தார். முகம் கழுவியதும் நேராகப் பாத்திக்குப் போய்க் குனிந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இலைக்கு அடியில்தான் எல்லா வில்லன்களும். இலைதின்னிப் புழு, வெட்டுக்கிளி, பனிக்காலத்தில் வெள்ளைத் துரு என்று இலையடியில் பொரிப்பொரியாக ஒரு நோய். மருந்து அடிக்கிறீர்களா என்று கேட்டேன். மழுப்பாமல் பதில் சொன்னார். இருபத்தைந்து நாளில் அறுக்கிற பயிருக்கு மருந்து அடித்தால், அந்த வீரியம் இறங்குவதற்கு நாள் எங்கே இருக்கிறது? அதனால் முதலில் வேப்பெண்ணெய்க் கரைசல், இஞ்சி-பூண்டு-பச்சைமிளகாய் அரைத்த கரைசல். முளைத்த புதிதில் புழு மிஞ்சிப் போனால் ஒரே ஒரு தரம் கடை மருந்து, அதற்கப்புறம் கிடையாது. "அதுக்கு மேல பூச்சி வந்தா அந்தப் பாத்திய மாட்டுக்கு உட்ருவேன். ஆனா ஒண்ணு கேளு. ஒரு இலைல ஒரு ஓட்ட இருந்தா உங்க ஊரு ஜனம் வாங்குதா?" வாங்குவதில்லை. ஓட்டை இல்லாத கீரையும் வேண்டும், மருந்து இல்லாத கீரையும் வேண்டும் என்று கேட்பது நியாயமே இல்லை. என் கட்சி ஓட்டைக் கீரை. புழு ருசி பார்த்து, உயிரோடு போயிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ரசீது கிடையாது.

மணி நாலரை. இப்போதுதான் மேடையில் விளக்கு எரிகிறது!

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்துவிட்டார்கள். சிலர் நூறு நாள் வேலை முடித்து, வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தவர்கள். கூலியோடு வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரையும் உண்டு. வெயில் தாழ்ந்த பிறகுதான் பாத்தியில் கை வைக்கிறார்கள். உச்சி வெயிலில் பிடுங்கினால் பத்து நிமிஷத்தில் துவண்டுவிடும். சிறுகீரைக்கும் முளைக்கீரைக்கும் வேரோடு பிடுங்கல். அரைக்கீரைக்குப் பன்னருவா. அடியில் நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழையும், மாசக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம். பிடுங்குகிற வேகம் இருக்கிறதே, நான் செல்போனை எடுத்துக் கேமராவைத் திறப்பதற்குள் பாதிப் பாத்தி மொட்டை.

கட்டுகிற இடம்தான் திருவிழா. தார்ப்பாய் விரித்து, மேலே ஒரு எல்.இ.டி. பல்பு, நடுவில் சிமெண்ட் தொட்டி, ஒரு செல்போனில் சீரியல். யாரும் சீரியலைப் பார்ப்பதில்லை. காதால் கேட்டே எந்த மாமியார் எந்த மருமகளுக்கு விஷம் வைத்தாள் என்று தெரிந்துகொள்கிறார்கள். கை தன் பாட்டுக்கு ஓடுகிறது. நான் ஒரு அக்காவின் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையில் ஒரு பிடி. கட்டை விரலும் நடுவிரலும் வளைத்தால் எவ்வளவு அடங்குமோ அதுதான் ஒரு கட்டு, தராசு கிடையாது. வேர்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் இரண்டு முக்கு, ஒரு உதறு. இலை நனையக் கூடாது, நனைந்தால் மூட்டைக்குள் புழுங்கி விடிவதற்குள் கறுத்துவிடும். வேரைத் தரையில் ஒரு தட்டு, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தாயிற்று. ஊறவைத்த வாழைநாரை உதட்டிலிருந்து எடுத்து இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நுனியை அடியில் ஒரு செருகு. முடிச்சே போடுவதில்லை! இத்தனை வருஷம் வீட்டில் கீரைக் கட்டு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நாம் தெருவில் பார்க்கிற பளபளப்பு, வியாபாரி தண்ணீர் தெளித்துச் செய்கிற மேக்கப். தோட்டத்தில் கீரைக்கு மேக்கப் கிடையாது.

அந்தக் கூட்டத்தில்தான் ஒரு தொழில் ரகசியமும் கசிந்தது. கீரை விலை சட்டென்று ஏறுவதில்லை. கட்டு இளைக்கும். வரத்துக் குறைந்த நாளில் நடுவிரல் எட்டுகிற இடத்தில் சுட்டுவிரல் எட்டும். அதே விலை, மெலிந்த கட்டு. பொருளாதாரப் பத்திரிகைகளில் பிஸ்கெட் பாக்கெட் இப்படி இளைப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இங்கே விரல் நகர்த்தலில் முடிந்துவிடுகிறது.

பத்து மணிக்கு மேல் கட்டுகளை வேர் வெளியே தெரிய வட்டமாக அடுக்கி, ஈரக் கோணி போர்த்துகிறார்கள். ஒரு மணிக்கு 'குட்டி யானை' வந்து நிற்கிறது. டாட்டா ஏஸ் வண்டிக்கு ஊர் வைத்த பெயர். வழியில் இன்னும் இரண்டு தோட்டத்து லோடும் ஏறும், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். டிரைவர் பக்கத்தில் அண்ணன், பின்னால் கீரை, நடுவே எப்படியோ நான். நசரத்பேட்டை, பூந்தமல்லி, மதுரவாயல், கோயம்பேடு. பகலில் ஒன்றரை மணி நேரம் தின்கிற சாலையைக் கீரை வண்டி முக்கால் மணியில் விழுங்கியது. மேலே மெட்ரோ தூண்கள் ஓடி வருகின்றன.

கோயம்பேட்டில் கீரைக்குப் பகல் கிடையாது. இருட்டில் இறங்கி, இருட்டிலேயே விற்று முடிகிறது. தள்ளுவண்டிக்காரர்கள், கூடைக்காரம்மாக்கள், மெஸ் நடத்துகிறவர்கள் எல்லோரும் கட்டைக் கையில் எடுத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய்விட்டு விலை கேட்கிறார்கள். நம் தெருவில் நாம் கொடுக்கிற விலையில் பாதிகூட அண்ணன் கைக்கு வரவில்லை. மீதி அந்தக் கூடைக்காரம்மாவின் ஆட்டோவுக்கும் தலைச்சுமைக்கும் விற்காமல் வாடுகிற கட்டுகளுக்கும் போகிறது. யாரும் மாளிகை கட்டுகிற தொழில் இல்லை இது.

இந்தச் சந்தை வந்ததே 1996-இல்தான். அதுவரை ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடிக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் மாமியார் திருநின்றவூரில் ரயிலேறிக் கீரை கொண்டுபோனதை அக்கா கதையாகச் சொன்னார். ராயபுரத்திலிருந்து 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை அது. இன்றைக்கும் விடியற்காலை மின்சார ரயிலின் வெண்டர் பெட்டியில் ஏறினால் கீரை வாசனையோடுதான் சென்ட்ரலுக்குப் போவீர்கள்.

ஆனால் இந்தத் தோட்டத்தின் சரித்திரத்தில் பொற்காலம் வேறு. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டு, தற்காலிகக் காய்கறிச் சந்தை எங்கே வந்தது? திருமழிசைக்கு! தோட்டம் சந்தைக்குப் போனதுபோய், சந்தை தோட்டத்து வாசலுக்கு வந்துவிட்டது. செப்டம்பர் 28-இல் கோயம்பேடு காய்கறி அங்காடி மறுபடி திறக்கும் வரை, நாலரை மாதம். மழையில் சேறு, வியாபாரிகள் புலம்பல், லாரிகள் சிக்கின. எல்லாம் உண்மை. அக்கா மட்டும் கண்ணை மூடி அந்த நாட்களை நினைத்துச் சிரிக்கிறார். "டிவிஎஸ் எக்ஸெல்ல வெச்சி எடுத்துக்கினு போயிட்டு, வித்துட்டு வந்து, ஊட்ல படுத்துத் தூங்கினோம். ராத்திரில!"

சந்தைக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தை வைத்து 1826-இல் வான் தூனன் என்ற ஜெர்மன் பண்ணையார் ஒரு புத்தகமே எழுதினார். ஒரு நகரத்தைச் சுற்றி எது எங்கே விளையும் என்று வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். நகரத்தை ஒட்டிய முதல் வட்டத்தில் அவர் வைத்தது இரண்டு: காய்கறியும் பாலும். கெட்டுப்போகிறவை தூரம் தாங்காது என்பது அவர் கணக்கு. லாரி வந்ததும் தக்காளி அந்த வட்டத்தை விட்டு ஓடிவிட்டது. பால் டேங்கரில் ஏறிவிட்டது. கீரை மட்டும் பிடிவாதமாக அங்கேயே நிற்கிறது. ஓசூரிலிருந்து கோஸ் வரலாம், ஒட்டன்சத்திரத்திலிருந்து முருங்கைக்காய் வரலாம். சிறுகீரை வராது. அது பக்கத்தில்தான் விளைய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் அந்த 'பக்கம்' நகர்ந்துகொண்டே போகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையாயிற்று, முகப்பேர் அடுக்குமாடியாயிற்று. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தது. பட்டாபிராமில் டைடல் பூங்கா திறந்தாயிற்று. ஆயாவின் தோட்டத்துக்கு அடுத்த நிலத்தில் வெள்ளைக் கல் நட்டு, 'அங்கீகரிக்கப்பட்ட மனைகள்' என்று போர்டு. மனை வாங்கியவர் வீடு கட்ட இன்னும் வரவில்லை. அதுவரை அந்தக் கற்களுக்கு நடுவே அண்ணன் வெந்தயக்கீரை போட்டிருக்கிறார், குத்தகை வாய்ப்பேச்சில். இருபத்தைந்து நாள் பயிருக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு. போன் வந்தால் அறுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். வாழை போட்டவனால் முடியாது. இருந்தாலும் கிளம்பி எங்கே போவது என்ற கேள்விக்கு அண்ணனிடம் ஒரு பதில் இருக்கிறது: பேரம்பாக்கம் பக்கம் நிலம் பார்த்து வைத்திருக்கிறார். கோயம்பேட்டுக்கு வண்டி வாடகை கூடும், தூக்கம் குறையும். அந்தச் செலவு கட்டின் சுற்றளவில் தெரியும்.

எனவே மேற்குச் சென்னைக்காரர்களுக்கு என் வேண்டுகோள். கோயம்பேடு வரை போகாதீர்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தின் கிளைகள் அம்பத்தூரிலும் ஆவடி பருத்திப்பட்டிலும் இருக்கின்றன. அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயி இடைத்தரகர் இல்லாமல், கடை வாடகை இல்லாமல், போர்டில் எழுதிய விலைக்கு விற்கிற இடம். ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் அரைக்கீரை இருக்காது. சிறுகீரையை வேரோடு வாங்குங்கள். வேரை அறுத்துவிட்டு அடுக்கியிருந்தால் அது நேற்றைய சரக்கு. இலையில் இரண்டு ஓட்டை இருந்தால் தைரியமாகப் பையில் போடுங்கள். அன்றைக்குத் துவாதசியாக இருந்தால் அகத்திக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.